மூன்று இலக்கமா, ஆறு இலக்கமா?

இணையப் பக்கங்களை வடிவமைக்கக் கற்கத் தொடங்கும் மாணவர், முதல் வாரத்திலேயே ஒரு சிறு புதிரைச் சந்திக்கிறார். ஒரு நூலில் ஒரு நீல நிறத்திற்கு #336699 என்று எழுதியிருக்கிறது. மற்றொரு நூலில் அதே நீலத்திற்கு #369 என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தால் திரையில் தோன்றுவது ஒரே நீலம்தான். அப்படியானால் ஆறு இலக்கங்களை ஏன் எழுத வேண்டும்? மூன்று போதாதா?

நியாயமான கேள்விதான். "சுருக்க முடிந்த இடத்தில் மூன்று, முடியாத இடத்தில் ஆறு" என்பது இதற்குப் பலரும் கூறும் விடை. என் கட்சி வேறு. கற்கும் பருவத்தில் எப்போதும் ஆறு இலக்கங்களையே எழுதிப் பழக வேண்டும். சுருக்கும் வேலையைப் பொறியிடம் விட்டுவிட வேண்டும். இது வெறும் எழுத்துப் பழக்கம் பற்றிய சச்சரவு அன்று. நாம் எழுதும் பக்கத்தை இன்னொருவர் கண் வலிக்காமல் படிக்க முடியுமா, முடியாதா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மூன்று விளக்குகள்

கணிப்பொறியின் அல்லது கைபேசியின் திரையை நல்ல உருப்பெருக்குக் கண்ணாடியால் உற்றுப் பாருங்கள். வெண்மையாகத் தோன்றும் இடத்தில் வெள்ளை விளக்கு எதுவும் இராது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறச் சிறு விளக்குகள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். இம்மூன்றும் சேர்ந்ததே ஒரு படப்புள்ளி. மூன்றும் முழுமையாக எரிந்தால் வெண்மை. மூன்றும் அணைந்தால் கருமை. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள்!

இதற்கு அடிப்படை நம் கண்ணிலேயே இருக்கிறது. மனிதக் கண் மூவகை உணர்விகளைக் கொண்டே எல்லா நிறங்களையும் அறிகிறது என்னும் கருத்தை 1802-இல் தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர் வெளியிட்டார். 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் லண்டனில் இதைக் கண்கூடாகக் காட்டினார். வண்ணக் கட்டங்கள் கொண்ட ஒரு துணி நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுத்து, அம்மூன்று படங்களையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். நாடா வண்ணத்தில் தோன்றியது. நம் சட்டைப் பையில் இருக்கும் திரையும் இதே உத்தியைத்தான் பின்பற்றுகிறது.

ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் 0 முதல் 255 வரை 256 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 256 என்பது ஏன்? எட்டு இருநிலை இலக்கங்களில், அதாவது ஒரு பைட்டில், எழுதக்கூடிய எண்கள் அத்தனைதான். ஆக, மூன்று விளக்குகளின் நிலையைச் சொல்ல மூன்று எண்கள் போதும். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் கிடைப்பது 1,67,77,216. இத்தனை நிறங்களை ஒரு சாதாரணத் திரைக்குச் சொல்லிவிட முடியும்.

பதினாறு நிலை எண்கள்

நாம் எண்ணுவது பத்து இலக்கங்களைக் கொண்டு. பதினாறு நிலை எண்முறையில் பதினாறு இலக்கங்கள். 0 முதல் 9 வரை நம் இலக்கங்களே. பத்து முதல் பதினைந்து வரை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகள் நிற்கும். வலது கோடியில் உள்ளது ஒன்றின் இடம். அதற்கு இடப்புறம் உள்ளது பதினாறின் இடம்.

இப்போது #336699-ஐப் பிரித்துப் படிப்போம். முதல் இரண்டு இலக்கங்கள் சிவப்பு. 33 என்றால் 3×16 + 3 = 51. நடு இரண்டு பச்சை. 66 என்றால் 6×16 + 6 = 102. கடைசி இரண்டு நீலம். 99 என்றால் 9×16 + 9 = 153. சிவப்பு 51, பச்சை 102, நீலம் 153. நீலம் மிகுந்திருப்பதால் நிறம் நீலமாகத் தெரிகிறது. இரண்டு இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இரண்டு எஃப். அது 15×16 + 15 = 255. ஆகவே ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மூன்று விளக்குகளுக்கு ஆறு இலக்கங்கள். ஆறு என்ற எண் யாருடைய விருப்பத்திலும் பிறந்ததன்று, கணக்கிலிருந்து பிறந்தது.

சுருக்கம் எப்படி வேலை செய்கிறது?

இணையப் பக்கங்களின் தோற்றத்தை விவரிக்கும் மொழிக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் நார்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீயும், நெதர்லாந்து நாட்டவரான பெர்ட் போஸும். அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளியானது. மூன்று இலக்கச் சுருக்கம் அந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது.

விதி எளிது. ஒவ்வோர் இலக்கத்தையும் இரட்டித்துக்கொள்ள வேண்டும். #369 என்பது #336699 ஆகும். #123 என்பது #112233 ஆகும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழுகிறது. இரட்டிப்பதற்குப் பதிலாக ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்திருக்கலாமே? சேர்த்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று எஃப் என்பது வெண்மையைக் குறிக்க வேண்டும். பூஜ்யம் சேர்த்தால் ஒவ்வொரு விளக்கும் 15×16 = 240 என்ற அளவிலேயே நின்றுவிடும். வெள்ளைத் தாள் சற்றே மங்கிய தாளாகிவிடும்! இரட்டித்தால் 255 கிடைக்கிறது. வெண்மை வெண்மையாகவே இருக்கிறது. விதியை வகுத்தவர்களே இந்தக் காரணத்தை அந்தப் பதிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரட்டிப்பதில் இன்னொரு நயமும் உண்டு. ஓர் இலக்கத்தை இரட்டிப்பது என்பது அதை 17-ஆல் பெருக்குவதே. (16 மடங்கும் ஒரு மடங்கும் சேர்ந்தால் 17 மடங்கு அல்லவா?) 15-ஐ 17-ஆல் பெருக்கினால் 255. 3-ஐப் பெருக்கினால் 51. ஆகவே 15-இல் 3 எவ்வளவு பங்கோ, 255-இல் 51-உம் அவ்வளவே பங்கு; இரண்டும் ஐந்தில் ஒன்று. அழகான கணக்கு! சுருக்கத்தைக் கண்டுபிடித்தவர்களைக் குறை கூற எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அக்காலத்திற்கு அது பொருத்தமாகவும் இருந்தது. 1990-களில் பல கணிப்பொறித் திரைகள் ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்டின. அவற்றில் எங்கும் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை என்று 216 நிறங்களைத் தனியே பட்டியலிட்டிருந்தார்கள். ஒவ்வொரு விளக்கிற்கும் 0, 51, 102, 153, 204, 255 என்று ஆறு படிகள்; 6×6×6 = 216. இந்த ஆறு எண்களும் 17-இன் மடங்குகள் என்பதைக் கவனித்தீர்களா? எனவே அந்த 216 நிறங்கள் எல்லாவற்றையும் மூன்று இலக்கங்களில் எழுதிவிட முடிந்தது. அந்தத் திரைகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். அன்றைய பழக்கம் மட்டும் பாடநூல்களில் தங்கிவிட்டது.

4,096-இல் ஒன்று

மூன்று இலக்கங்களில் எத்தனை நிறங்களை எழுதலாம்? 16×16×16 = 4,096. ஆறு இலக்கங்களில் எழுதக்கூடியவையோ 1,67,77,216. பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள். விடை மீண்டும் 4,096! அதாவது, 4,096 நிறங்களில் ஒன்றே ஒன்றைத்தான் சுருக்கி எழுத முடியும். மற்ற 4,095 நிறங்களுக்கும் சுருக்கம் என்பதே கிடையாது.

இவை யாரும் பயன்படுத்தாத நிறங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இணையத்தின் தொடக்கக் காலத்தில் 16 நிறங்களுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். அவற்றுள் கருப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் உள்ளிட்ட எட்டு நிறங்களைச் சுருக்கலாம். மற்ற எட்டையும் சுருக்க இயலாது. பச்சை என்று பெயரிட்ட நிறத்தின் குறியீடு #008000. சாம்பலுக்கு #808080. கருநீலத்திற்கு #000080. 80 என்பது இரட்டை இலக்கம் அன்று. 'பச்சையைச் சுருக்குகிறேன்' என்று #080 என எழுதினால் வருவது #008800. 128 என்ற படியில் இருக்க வேண்டிய பச்சை விளக்கு 136-க்கு ஏறிவிடும்.

இதில் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சுருக்குவது என்றால் ஒவ்வோர் இணையிலும் இரண்டாம் இலக்கத்தை வெட்டிவிடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். #909090 என்ற சாம்பல் நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மதிப்பு 144. வெட்டினால் #999 கிடைக்கும். அதன் மதிப்பு 153. ஒன்பது படி அதிகம். உண்மையில் 144-க்கு மிக அருகில் இருக்கும் சுருக்கக் குறியீடு #888. அதன் மதிப்பு 136, எட்டுப் படி குறைவு. ஆக, வெட்டிச் சுருக்குவது நிறத்தை மாற்றுவதோடு நில்லாமல், அருகில் இருக்கும் நிறத்தைக்கூடச் சரியாகத் தருவதில்லை.

நிறங்களைச் சிறிதளவே மாற்ற வேண்டியிருக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரியும். நம் #336699 நீலத்தில் மூன்று விளக்குகளும் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் எரிகின்றன. சாயல் மாறாமல், சற்றே கருமையான நீலம் ஒன்று ஒரு பொத்தானின் ஓரத்திற்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். #306090 என்று எழுதலாம். மதிப்புகள் 48, 96, 144. விகிதம் அப்படியே இருக்கிறது. மூன்று இலக்கங்களிலோ #369-க்கு அடுத்துக் கீழே அதே விகிதம் கிடைக்கும் நிறம் #246 தான். ஒளி மூன்றில் இரண்டு பங்காக ஒரேயடியாக விழுந்துவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், இந்த விகிதத்தில் ஆறு இலக்கங்களில் 85 நிறங்களை எழுதலாம். மூன்று இலக்கங்களில் வெறும் ஐந்து.

மிச்சம் எவ்வளவு?

'இடம் மிச்சமாகிறதே' என்பார்கள். சரி, மிச்சத்தையும் கணக்கிட்டுவிடுவோம். ஒரு குறியீட்டைச் சுருக்கினால் மிஞ்சுவது மூன்று எழுத்துகள், அதாவது மூன்று பைட். ஓர் இணையதளத்தின் நடைத்தாளில் 200 இடங்களில் நிறக் குறியீடுகள் வருவதாகவும், அவை அனைத்துமே சுருக்கத்தக்கவை என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். மொத்த மிச்சம் 600 பைட். அந்தப் பக்கத்தில் 2,00,000 பைட் அளவுள்ள ஒரே ஒரு புகைப்படம் இருந்தால், நம் மிச்சம் அதில் முந்நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு.

1990-களில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட் வேகத்தில் வேலை செய்த மோடத்தை நினைத்துப் பார்த்தாலும், 600 பைட்டைக் கொண்டுவர அதற்கு ஆறில் ஒரு நொடியே பிடித்திருக்கும். இன்று அந்த 600 பைட்டும் முழுமையாக மிஞ்சுவதில்லை. பக்கங்களை அனுப்பும் கணிப்பொறிகள் எழுத்துக் கோப்புகளை 'ஜிஜிப்' போன்ற முறைகளால் சுருக்கி அனுப்புகின்றன. ஜிஜிப் 1992-இல் வெளிவந்த முறை. ஒருமுறை வந்த எழுத்துத் தொடர் மறுபடியும் வந்தால், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் வந்ததையே எடுத்துக்கொள்' என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் அது அனுப்பும். #336699 பத்தாம் முறை வரும்போது, அது ஆறு இலக்கமா, மூன்று இலக்கமா என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் நேராது.

இதற்கும் மேலே, வெளியிடும் முன் நடைத்தாளில் உள்ள வெற்றிடங்களை நீக்கி, சுருக்கத்தக்க நிறங்களை மட்டும் தாமே சுருக்கித் தரும் நிரல்கள் இருக்கின்றன. அவை #336699-ஐ #369 ஆக்கும். #306090-ஐத் தொடாது. மனிதர் கைத்தவறுதலாகச் செய்யக்கூடியதைப் பொறி செய்யாது. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்தின் எடையைக் குறைக்க விரும்பும் மாணவர் முதலில் புகைப்படங்களைக் கவனிக்கட்டும். அதுவே சிக்கனம்.

#777-இன் கதை

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி.

வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்துகளை எழுதுவது இன்றைய வடிவமைப்பில் பரவலான வழக்கம். சாம்பல் வெளிற வெளிற, எழுத்து படிக்கக் கடினமாகும். எந்த அளவுக்கு வெளிறலாம்? இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பின்னணியின் ஒளிர்வையும் எழுத்தின் ஒளிர்வையும் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். இதை ஒளி வேறுபாட்டு விகிதம் எனலாம். வெள்ளையில் கருப்புக்கு இது 21. வெள்ளையில் வெள்ளைக்கு 1. அதாவது எதுவுமே தெரியாது.

2008-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறி, சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்ணும் காரணத்தோடு வந்ததுதான். கண் மருத்துவர் 6/12 என்று குறிக்கும் பார்வை உள்ளவர்களுக்கு, ஒளி வேறுபாட்டை உணரும் திறன் குறைந்திருக்கும். ஏறத்தாழ எண்பது வயது முதியவர்களின் பார்வை பொதுவாக இந்நிலையில் இருக்கும். அந்தக் குறையை ஈடுசெய்யும் வகையிலேயே 4.5 தேர்ந்தெடுக்கப்பட்டது. உங்கள் வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் மின்கட்டண அறிவிப்பைத் திரையில் படிக்க முடியுமா என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது!

வெள்ளைப் பின்னணியில் சில சாம்பல் நிறங்களின் விகிதங்களைப் பாருங்கள்:

#999999 — 2.85
#888888 — 3.54
#777777 — 4.48
#767676 — 4.54
#666666 — 5.74

#777 தேறவில்லை! 4.5-க்கு மிக அருகில் வந்து, கோட்டைத் தொடாமல் நின்றுவிட்டது. ஒரே ஒரு படி கருமையான #767676 தேறிவிட்டது. அதற்கு மூன்று இலக்கச் சுருக்கம் இல்லை.

#777-க்கும் #767676-க்கும் உள்ள வேறுபாட்டை எவர் கண்ணும் காணாது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் எல்லைக்கோடு என்று ஒன்றை வகுத்த பின், கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அறிந்து நிற்பதே அறிவியல் முறை. அதைவிட முக்கியமானது பழக்கம். மூன்று இலக்கங்களில் மட்டும் சிந்திப்பவருக்கு உலகில் பதினாறு சாம்பல்களே உள்ளன. #666 சற்று அடர்த்தியாகத் தெரிகிறதே என்று எண்ணினால் அவர் கை #777-க்குப் போகும். அதுவும் அடர்த்தி என்றால் #888. இடையில் நிற்க அவருக்கு இடமில்லை. ஆறு இலக்கங்களில் சிந்திப்பவருக்கோ #666666-க்கும் #777777-க்கும் இடையில் மட்டும் பதினாறு சாம்பல்கள் உள்ளன. அவர் அளந்து பார்த்துப் பொருத்தமான இடத்தில் நிற்கலாம். முன்னவருக்கு எழுதும் முறை நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பின்னவர் நிறத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை எழுதுகிறார்.

நீளமும் ஒரு காவல்

நீளமாக எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இது பலரும் கவனிக்காதது.

சி.எஸ்.எஸ். மொழியில் பின்னாளில் நான்கு இலக்கக் குறியீடும் எட்டு இலக்கக் குறியீடும் சேர்க்கப்பட்டன. கூடுதலாக வரும் பகுதி, அந்த நிறம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதைக் கூறும். அது பூஜ்யமானால் நிறம் முழுவதும் கண்ணாடி போலாகிவிடும். ஆகவே இன்று 3, 4, 6, 8 ஆகிய நான்கு நீளங்களே செல்லும். வேறு நீளத்தில் எழுதினால் உலாவி அந்த வரியை ஒதுக்கிவிடும்.

இப்போது, ஓர் எச்சரிக்கை வாசகத்தைக் கருஞ்சிவப்பில் எழுத #900 என்று தட்டுகிறீர்கள். விரல் தவறி ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்து #9000 ஆகிவிட்டது. நான்கு இலக்கம், செல்லத்தக்க குறியீடு. கடைசி பூஜ்யத்தின் பொருள் 'முழுதும் ஊடுருவித் தெரியட்டும்' என்பது. எழுத்துகள் மறைந்துவிடும்! எச்சரிக்கை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

அதையே #990000 என்று எழுதும்போது ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் ஏழு இலக்கம். குறைந்துவிட்டால் ஐந்து இலக்கம். இரண்டுமே செல்லாது. உலாவி அந்த வரியை விட்டுவிடும். எழுத்து முன்பிருந்த நிறத்திலேயே நிற்கும். நிறம் மாறவில்லையே என்று பார்த்தவுடன் பிழை பிடிபட்டுவிடும். 3-உம் 4-உம் அடுத்தடுத்த வீடுகள்; ஒரு தவறு நம்மைப் பக்கத்து வீட்டுக்குள் தள்ளிவிடும். 6-க்கு இருபுறமும் உள்ள 5-உம் 7-உம் காலி மனைகள். தவறி விழுந்தால் விழுந்தது தெரியும்.

புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதன் கடைசி இலக்கம் நூலைப் பற்றி எதையும் கூறுவதில்லை. மற்ற இலக்கங்களை யாரேனும் தவறாக எழுதிவிட்டால் காட்டிக்கொடுப்பதே அதன் வேலை. செய்தியில் மிகையாகத் தோன்றும் பகுதி சில சமயம் காவல்காரனாக நிற்கிறது. ஆறு இலக்கக் குறியீடு அத்தனை வலிமையான காவல்காரன் அன்று. 3-க்குப் பதில் 8 என்று தட்டிவிட்டால் அது பிடிக்காது. ஆனால் இலக்கம் கூடினாலும் குறைந்தாலும் பிடித்துவிடும்.

தேடுவதிலும் இதன் பயன் தெரியும். பள்ளி இணையதளத்தின் நீலத்தை மாற்ற வேண்டும் என்று முடிவாகிறது. ஒருவர் #336699 என்றும் மற்றொருவர் #369 என்றும் எழுதியிருந்தால், ஒன்றைத் தேடும் நிரல் மற்றொன்றைக் காணாது. பாதிப் பக்கங்கள் பழைய நீலத்திலும் பாதி புதிய நிறத்திலும் நிற்கும். ஒரு நிறத்திற்கு ஒரே எழுத்துமுறை என்றிருந்தால் இத்தொல்லை இல்லை. எல்லா நிறங்களையும் எழுதக்கூடிய முறை ஆறு இலக்க முறை ஒன்றே. ஆதலால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வது என்றால் அதைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

மறுதரப்பு என்ன சொல்கிறது?

சுருக்கத்தை ஆதரிப்பவர்களும் விவரம் அறியாதவர்கள் அல்லர். கூகுள் நிறுவனம் தன் பொறியாளர்களுக்கு வகுத்த எழுத்து நடைக் கையேடே, இயலும் இடங்களில் மூன்று இலக்கக் குறியீட்டை எழுதச் சொல்கிறது. மூன்று இலக்கங்கள் கண்ணுக்கு எளியவை. வெண்மைக்கு ஆறு எஃப் எழுதுவதைவிட மூன்று எஃப் எழுதுவது எளிதுதான். ஆறு எஃப்பை எண்ணுவதில் கண் தவறலாம். ஒரு நிறத்தை அவசரமாகச் சோதித்துப் பார்க்கும்போது #369, #47எஃப் என்று மாற்றி மாற்றித் தட்டுவதும் வசதியானது.

இவற்றை நான் மறுக்கவில்லை. மனக்கணக்குக்கும் முதல் முயற்சிக்கும் மூன்று இலக்கம் நல்ல கருவி. ஓவியர் முதலில் கரிக்கோலால் கோடு போட்டுப் பார்ப்பது போன்றது அது. ஆனால் கரிக்கோட்டோடு ஓவியத்தை முடித்துவிடுவதில்லை அல்லவா? அனுபவம் மிக்க பொறியாளருக்கு #777 என்பது #777777 என்றும், அதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்றும் தெரியும். அவர் சுருக்கி எழுதினால் தெரிந்தே எழுதுகிறார். கற்கும் மாணவருக்கு அந்தப் பின்னணி இன்னும் அமையவில்லை. அவருக்குச் சுருக்கம் 4,096 நிறங்களை மட்டும் காட்டி, மற்றவற்றை மறைத்துவிடுகிறது.

பலர் சேர்ந்து செய்யும் பணியில் குழுவின் விதி எதுவோ அதைப் பின்பற்றுங்கள். நிறக் குறியீடுகள் எல்லாம் குறுகியவையாக இருக்கின்றனவா, நீண்டவையாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் நிரல்களும் உள்ளன. ஆளுக்கொரு முறையாக எழுதுவதைவிட, எந்த முறையானாலும் ஒரே முறையாக எழுதுவது மேல். குழுவின் விதியை வகுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், நீளத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பரிந்துரை.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி கிடைக்காதவர்கள் முதல் இரண்டையும் தாளிலேயே செய்யலாம்.

1. #258 என்பதை ஆறு இலக்கங்களில் எழுதி, மூன்று விளக்குகளின் மதிப்பையும் பத்தடிமான எண்களில் காண்க. அவை மூன்றும் 17-ஆல் மீதியின்றி வகுபடுகின்றனவா?

2. #306090, #112200, #505050, #884400 ஆகியவற்றில் எவற்றைச் சுருக்கலாம்? சுருக்க முடியாதவற்றுக்கு மிக அருகில் உள்ள மூன்று இலக்கக் குறியீடு எது? வெட்டிப் பார்க்காமல், 17-இன் மடங்குகளைக் கொண்டு கண்டுபிடியுங்கள்.

3. ஒரே வாசகத்தை வெள்ளைப் பின்னணியில் #999999, #888888, #767676, #666666 ஆகிய நான்கு நிறங்களில் எழுதி, வீட்டில் உள்ள பெரியவர்களைக் கண்ணாடி அணியாமல் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே திரையை வெயிலில் வைத்து நீங்களே படித்துப் பாருங்கள்!

மூன்றாம் சோதனையைச் செய்து முடித்தவர்கள், ஆறு இலக்கங்களை எழுதும் சிரமத்தை அடுத்த முறை பெரிதாக நினைக்க மாட்டார்கள். முதலில் படிப்பவரின் கண்ணுக்கு ஏற்ற நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், அளந்து பாருங்கள், பிறகு அந்த நிறத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மூன்று விசைகளைத் தட்டும் உழைப்பை மிச்சப்படுத்துவது நமக்கு நன்மையாக இருக்கலாம். பக்கத்தை நாம் எழுதுவதோ பிறர் படிப்பதற்காக.